ஒரு போத்தல் பெற்றோலும் எங்கள் கார் விழாவும்

வாடகைக்கு ஹயர் கார் ஓட்டுகிறவன் கலியாண வீட்டுக்கும் போவான், செத்த வீட்டுக்கும் போவான். இரண்டு இடத்திலும் வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பி வருவான். அதிலும் சண்டைக்கால வன்னியில், அரசாங்கம் பெற்றோலுக்குத் தடை போட்டிருந்த அந்த வருடங்களில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவன் என்றால், போன பிறப்பில் எந்தக் கோயில் தேரின் அச்சாணியைக் களவெடுத்தானோ தெரியாது. இதை வாசிக்கிறவர்களில் அந்தப் புகையைக் குடித்தவர்கள் இருப்பீர்கள். பின்சீற்றில் இருந்து இருமியவர்களும், இறங்கிப் பின்னால் தள்ளியவர்களும் இருப்பீர்கள். என் சக பாவிகளே, உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? எங்கள் ஊர் அக்கராயனில் என்னைப் "புளுகர்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆகவே கீழே பொய் வருகிற இடங்களை நானே காட்டிவிடுகிறேன். மிச்சமெல்லாம் நடந்தது.

சேலைன் ஏற்றிய கார்

என்னுடையது ஏ நாற்பது என்கிற பழைய இங்கிலீஷ் கார். மண்ணெண்ணெயில் அது ஓடும், ஆனால் புறப்படாது. புறப்படுவதற்குப் பெற்றோல்தான் வேண்டும். ஆஸ்பத்திரியில் எறிந்த சேலைன் போத்தலில் ஒரு விரலளவு பெற்றோல் விட்டு, பொனற்றுக்குள் தொங்கவிட்டு, குழாயால் காபரேட்டருக்குள் சொட்டுச் சொட்டாக இறக்குவோம். ஒருவன் முன்னால் நின்று ஹாண்டில் சுற்ற வேண்டும், இரண்டு பேர் பின்னால் தள்ள வேண்டும். கார் கண் முழித்துக் கொஞ்சம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். மண்ணெண்ணெய் குளிராகப் போனால் எஞ்சின் துப்பிவிடும் என்பதால், எண்ணெய் வருகிற செப்புக் குழாயை எஞ்சினின் புகைக்குழாயில் சுருளாகச் சுற்றியிருப்போம். அந்தச் சூட்டில் எண்ணெய் வெந்து போகும். இந்தத் தொழிலில் ஒரேயொரு சட்டம்தான்: வழியில் எஞ்சினை நிற்பாட்டக் கூடாது. நிற்பாட்டினால் திரும்பவும் பெற்றோலுக்கு எங்கே போவது? அதனால் எங்கள் கார்கள் செத்த வீட்டு வாசலிலும் மரியாதையில்லாமல் உறுமிக்கொண்டே நிற்கும்.

ஒருநாள் காலையில் கலியாண ஹயர். மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, எஞ்சினை நிற்பாட்டாமல் அப்படியே திரும்பி வரும்போது ஆஸ்பத்திரி வாசலில் சிலர் கையைக் காட்டி மறித்தார்கள். உள்ளே ஒருவர் காலமாகிவிட்டார், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேதத்தைப் பின்சீற்றில் ஏற்றிய பிறகுதான் பார்க்கிறேன், காரின் மூக்கில் கலியாண மாலை அப்படியே கிடந்து ஆடுகிறது. ஓடிப்போய் அதைக் கழற்றக் கை வைத்தேன். செத்தவரின் மனைவி, தள்ளாத வயது மனுசி, அழுகையை நிறுத்திப்போட்டு என்னைப் பார்த்துச் சொன்னா: "விடு தம்பி, கிடக்கட்டும். எங்கட கலியாணத்துக்கு அவர் சைக்கிளிலதான் வந்தவர்."

துரை ஓட்டிய ரேஸ் கார்

ஏறுகிற ஆட்களை இருமலிலிருந்து திசைதிருப்ப நான் ஒரு கதை வைத்திருந்தேன். இந்த ஏ நாற்பது முன்பு மலைநாட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் இருந்த கார். துரை இதில்தான் நுவரெலியா மலைப்பாதையில் ரேஸ் ஓடி வென்றவர். கடைசி வளைவில் பிரேக் அறுந்துபோக, வாயில் சுருட்டோடு ஒற்றைக் கையால் திருப்பி எடுத்தவர். சுருட்டு அணையவில்லை. (இது பொய். காரை நான் சாவகச்சேரியில் ஒரு புகையிலை வியாபாரியிடம் வாங்கினேன். சுருட்டு அங்கிருந்துதான் கதைக்குள் வந்திருக்க வேண்டும்.)

ஹயர் பிடிக்கிற சந்தியில் எனக்குப் பக்கத்தில் ஹில்மன் காரோடு நிற்கிறவன் இராமையா. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே கலவரத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தபோது தகப்பனின் தோளில் ஏறி வன்னிக்கு வந்து சேர்ந்தவன். ஒருநாள் என் கதையைக் கேட்ட வாத்தியார் ஒருவர் சந்தேகப்பட்டு, "இராமையா, நீ அந்தப் பக்கத்து ஆள்தானே, இவர் சொல்லுறது உண்மையோ?" என்று கேட்டார். இராமையா சிரிக்காமல் சொன்னான்: "நெசந்தாங்க சார். அந்த ரேஸ்ல எங்கப்பா கொழுந்து மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு நடந்தே ரெண்டாவதா வந்தாருங்க."

வென்றால் கார்

இராமையா ஓட்டிய ஹில்மன் அவனுடையதல்ல. மில் முதலாளியினுடையது. வருமானத்தில் பங்கு கொடுத்துப் பல வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தான். காணி பூமி இல்லாத அவனுக்கு அந்த நாலு சில்லும்தான் காணி. மனுசியும் மூன்று பெண்பிள்ளைகளும் அதில்தான் விளைந்ததைச் சாப்பிட்டார்கள். முதலாளியின் நெல்லுக் குத்துகிற மில்லோ, டீசல் இல்லாமல் கனகாலமாக வாயை மூடிக் கிடந்தது. அப்போது ஊரில் கார்களைப் பிரித்து எஞ்சினை எடுத்து, தண்ணீர் இறைக்கவும் நெல்லுக் குத்தவும் பூட்டுகிற வழக்கம் வந்துவிட்டது. முதலாளியின் கண் ஹில்மனின் பொனற்றில் விழுந்தது.

அந்த வருடம் ஆயுத பூசை வந்தது. வழக்கமாகக் காருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசித்து, அவலும் கடலையும் தின்றுவிட்டுப் போவோம். ஆனால் எங்கள் சாரதிகள் சங்கத் தலைவர், பென்சன் எடுத்த ஓவசியர், பெரிய யோசனைக்காரர். யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது அங்கிருந்த பழைய கார்கள் எல்லாம் சனத்தோடு சனமாக வன்னிக்கு வந்து சேர்ந்திருந்தன. "உலகத்தில வேற எங்கயும் இப்பிடி ஒரு சேர்க்கை இல்லை, ஒரு கார் விழா வைப்பம்" என்றார். காலையில் கண்காட்சி, பின்னேரம் போட்டி. வேகப் போட்டியல்ல, ஆளுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய், கூடிய தூரம் போகிறவனுக்கு வெற்றி. எஞ்சின் நின்ற இடத்தில் ஒரு தடி நடப்படும். நின்றால் நின்றதுதான், திரும்ப எடுக்க முடியாது. மண்ணெண்ணெய்க் காரின் வாழ்க்கைச் சட்டம்தானே, எல்லாரும் கை தட்டி ஒத்துக்கொண்டோம்.

பரிசுதான் பெரிது. ஆஸ்பத்திரியில் அம்புலன்ஸ் இல்லை. வென்ற காருக்கு ஒரு வருடம் நோயாளிகளை ஏற்றி இறக்குகிற ஹயரும், கூட்டுறவுச் சங்கக் கடையில் மண்ணெண்ணெய் கூப்பனும். வெல்லப்போவது இராமையாதான் என்பதில் எங்களில் ஒருவனுக்கும் சந்தேகமில்லை. அவன் சுற்றிய செப்புச் சுருள், மலைப்பாம்பு ஆட்டுக்குட்டியைச் சுற்றியதுபோல அவ்வளவு நெருக்கம். ஒரு சொட்டு எண்ணெய் வேகாமல் போகாது. மில் முதலாளி அன்று சந்திக்கு வந்து எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டுப் போனார்: "இராமையா, வெண்டால் கார் உன்னட்டை. தோத்தால் எஞ்சின் மில்லுக்கு. பிறகு வந்து என்ர கேற்றடியில நிண்டு அழப்படாது."

குழை போர்த்திய கண்காட்சி

கார் விழா என்றால் கார்களை வெளியில் நிறுத்திப் பளபளவென்று துடைத்து வைப்பார்களாம். எங்கள் விழாவில் காரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைப்பதுதான் முதல் வேலை. நாலைந்து கார் ஒன்றாக வெளியில் நின்றால் குண்டோடு மேலே பறக்கிற பொம்மருக்கு அது ஆயுத பூசையாகத் தெரியாது. ஆகவே குளத்தடி மருத மரங்களுக்குக் கீழே கார்களை ஒதுக்கி, போதாததற்கு இலை குழை வெட்டி மேலே போர்த்தினோம். சோமசெற் கார் ஒன்றின் கதவுகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மொறிஸ் மைனரின் ரயருக்குள் ரியூப்புக்குப் பதிலாக வைக்கோல், என் காருக்கும் அப்படித்தான். என்னைவிட வயது கூடிய ஒரு போர்ட் காருக்குக் கூரையை அரிந்து எடுத்துவிட்டு விறகு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விழாவுக்காக விறகை இறக்கிவிட்டு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். தலைவர் நாடா வெட்டியபோது நான் என் காரை ஒருமுறை உறுமவிட்டேன். புகையில் மரத்திலிருந்த குரங்குகள் மயங்கி விழுந்தன. (பொய். ஒரு குரங்குதான். அதுவும் தானாக இறங்கி வேறு மரத்துக்குப் போனது.)

சனம் வந்தது. கொட்டில்களிலிருந்தும் தாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடங்களிலிருந்தும் வந்தார்கள். ஒரு பெண் சோமசெற்றின் குழையை விலக்கி, உள்ளே கைவிட்டு, சீற்றில் இருந்த ஒரு கிழிசலைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அவளுடைய வீட்டுக் காராக இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. அடுத்ததாக என் பக்கத்தில் வந்து நின்றவர் நெடுங்கேணிக்காரர், வியர்வை வடிய வடிய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொரு குவியலாகப் பார்த்தார். கடைசியில் என்னிடம் சொன்னார்: "கார் பாக்கவெண்டு நெடுங்கேணியில இருந்து சைக்கிள் உழக்கி வந்தனான் அண்ணை. இஞ்ச ஒரே குழையாக் கிடக்கு. தெரிஞ்சிருந்தால் ஆட்டையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பன்."

தலைவர் வைத்த விருந்து

பின்னேரம் போட்டிக்கு எல்லாரும் வரிசையில் நின்றோம். நான் நின்றது சும்மா பேருக்குத்தான். என் காரின் செப்புச் சுருள் முந்தின கிழமை வெடித்துவிட்டது. புதிதாக ஒன்றைச் சுற்றிக்கொள்ளச் சோம்பலில் பஞ்சிப்பட்டு, சேலைன் குழாய் ஒன்றை எண்ணெய்த் தாங்கியிலிருந்து நேரே காபரேட்டருக்குக் கொழுவியிருந்தேன். கார் மண்ணெண்ணெயைப் பச்சையாகக் குடித்து, பத்தடிக்கு ஒருமுறை வெடி போட்டது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போதுதான் தலைவர் மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கலனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்தார். வாசனை வந்தது. பெற்றோல்! தன்னுடைய வயல் நெல்லைக் கொடுத்து யாரிடமோ மாற்றி, எங்கள் ஒருவருக்கும் மூச்சு விடாமல் ஒளித்து வைத்திருந்திருக்கிறார். "இண்டைக்கு ஆயுத பூசை. எங்கட கார்கள் வருஷக்கணக்காப் பட்டினி கிடந்து உழைச்சதுகள். இண்டைக்கு ஒரு நாளாவது அதுகளுக்கு விருந்து" என்றார். மண்ணெண்ணெய்க்குப் பதிலாக ஆளுக்கு ஒரு போத்தல் பெற்றோல். ஒருவன் அதில் விரலைத் தொட்டு, சென்ற் பூசுகிறதுபோலக் காதுக்குப் பின்னால் பூசிக்கொண்டான். பெற்றோலைச் சொட்டாகவே பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். போத்தல் நிறைய வந்தால் அது எங்கள் கார்களை என்ன செய்யும் என்று ஒருவன்கூட யோசிக்கவில்லை. மண்ணெண்ணெய் எச்சத்தையெல்லாம் வடித்து ஊற்றிவிட்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் பெற்றோலை நிரப்பினோம். இராமையா தன் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிவிட்டு என்னிடம் சொன்னான்: "இது வண்டி சின்னப்புள்ளையில குடிச்ச பாலுண்ணே. இன்னைக்கு இது ஓடுற ஓட்டத்துல முதலாளி மில்லையே வித்துடுவாரு பாருங்க."

தடி நட்ட இடங்கள்

முதல் கார் இராமையாவினுடையது. தள்ளாமல், ஹாண்டிலின் ஒரே சுற்றில் எடுபட்டது. புகையே இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். ஒரு கார் எப்படிச் சத்தம் போடும் என்பதையே மறந்திருந்தோம். குளக்கட்டு ஓரத்து கிரவல் றோட்டில் ஹில்மன் பறந்தது. அவனுடைய கடைசிப் பெட்டைப்பிள்ளை பின்னாலேயே ஓடிக் கை தட்டினாள். முதல் மதகு தாண்டியது. ஒரு விக்கல். இன்னொரு விக்கல். நின்றுவிட்டது.

சங்கத்துப் பெடியன் தடியை நட்டுவிட்டான். அடுத்த கார் புறப்பட்டு இராமையாவைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் நின்றது. அதற்கடுத்தது அதையும் தாண்டி நின்றது. பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. மண்ணெண்ணெயை வேகவைக்கச் சுற்றிய சுருளுக்குள் பெற்றோல் போனால் கொதித்து ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். எவன் எவ்வளவு நன்றாகச் சுற்றியிருந்தானோ, அவன் அவ்வளவு கெதியாக, அவ்வளவு குறைந்த தூரத்தில் நின்றான். ஊரில் மிக நன்றாகச் சுற்றியவன் முதலில் நின்றான். சுற்றாமல் விட்ட சோம்பேறி நான். என் கார் ஒரு வெடிகூடப் போடாமல் எல்லாத் தடியையும் தாண்டிப் போனது. இராமையாவைக் கடந்தபோது பார்த்தேன்: பொனற்றைத் திறந்து, சாரத்தை அவிழ்த்துக் குளத்தில் நனைத்து, கால்சட்டையோடு நின்று சுருளின் மேல் ஒற்றிக்கொண்டிருந்தான். நான் நிற்பாட்டியிருந்தாலும் அவனுக்குப் பிரயோசனமில்லை. அவனுடைய தடிதான் எல்லாத் தடிக்கும் பின்னால் நின்றது. என் போத்தல் காலியாகும்வரை நான் போனேன்.

காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து திரும்பி வந்தபோது தலைவர் றோட்டோரம் குந்தியிருந்தார். இன்னொருமுறை மண்ணெண்ணெயில் ஓடவிடலாமா என்று நான்தான் முதலில் கேட்டேன். மற்றச் சாரதிகள் பிடிவாதமாக நின்றார்கள். சட்டம் சட்டம்தான், நாங்களும்தானே நின்றோம், நின்றால் நின்றதுதான் என்றார்கள். இராமையா ஈரச் சாரத்தை உடுத்திக்கொண்டு வந்து தலைவரின் கையைப் பிடித்து எழுப்பினான். "விடுங்கய்யா, உங்க மேல குத்தமில்ல. பட்டினியில நல்லா ஓடுன வண்டிங்க. விருந்து வச்சதும் படுத்துருச்சு."

உதவாத பொய்

அடுத்த நாள் காலையிலேயே நான் மில் முதலாளியிடம் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்துக்காகப் பொய் சொல்லப் போனேன். ஹில்மன் எஞ்சின் மில்லுக்கு ஆகாது என்றேன். வவுனியாப் பக்கத்தில் ஒருவர் பூட்டி, அரிசி கறுப்பாக வந்து, அதைத் தின்ற கோழிகளின் முட்டையில் மண்ணெண்ணெய் மணத்தது என்றேன். அந்த எஞ்சின் சுற்றும்போது உள்ளேயிருந்து ஆள் முனகுகிறதுபோலச் சத்தம் வரும் என்றேன். இராமையாவின் ஹில்மன் பின்சீற்றில் எத்தனை பேருடைய உயிர் போயிருக்கிறது என்றும் சொன்னேன். அது மட்டும் பொய்யில்லை.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய முற்றத்திலேயே இடம்பெயர்ந்து வந்த பெண்கள் உரலில் நெல்லுக் குத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. அவர் எனக்குத் தேத்தண்ணி தந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு எழும்பி, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "புளுகர் அண்ணை, நீங்கள் இவ்வளவு காலமும் சொன்னதில ஒண்டையாவது நான் நம்பியிருந்தால் இதையும் நம்பியிருப்பன்."

பாதிக் கார்

அங்கிருந்து நேரே இராமையாவின் கொட்டிலுக்குப் போனேன். ஆஸ்பத்திரி ஹயரை நாள் மாறி நாள் ஓட்டுவோம், என் காரை நீயும் எடு, கூப்பனையும் பாதியாகப் பிரிப்போம் என்றேன். அவனுடைய மனுசி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் என் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, வைக்கோல் அடைத்த ரயரைக் காலால் தட்டிப் பார்த்தான். "ஒரு வண்டியில ரெண்டு குடும்பம் ஏறுனா ஸ்பிரிங் ஒடிஞ்சு போகும்ணே. மொதல்ல நீங்க அந்தக் கொழாயச் சுத்திக்குங்க, நோயாளியை நடுவழியில போட்டுடாதீங்க."

சுருளை அவனே சுற்றித் தந்தான்.

மில்லுக்குள் ஒரு சாரதி

ஹில்மனின் எஞ்சினை மரக்கொப்பில் சங்கிலி போட்டுத் தூக்கி எடுத்தார்கள். வெறும் கூடு முதலாளியின் வேலியோரம் கிடந்தது. முன் சில்லு இரண்டும் மாட்டு வண்டிலொன்றுக்குப் போயின. மில்லில் பூட்டிய எஞ்சினோ யார் சுற்றினாலும் எடுபடவில்லை. மெக்கானிக் வந்தார், தும்மிவிட்டுப் போனார். நெல்லு மூட்டைகளோடு சனம் வாசலில் காத்துக் கிடந்தது. கடைசியில் முதலாளி இராமையாவுக்கு ஆள் அனுப்பினார். அவன் வந்து, சேலைன் போத்தலைத் தொங்கவிட்டு, எஞ்சினின் காதுக்குள் என்னவோ சொல்லிச் சுற்றினான். எடுபட்டது. அன்றோடு மில் வேலைக்கு அவனே ஆளாகிவிட்டான். ஹில்மனின் முன்சீற்றைக் கூட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். அதில்தான் இருப்பான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி மில்லைக் கடந்துதான் போகும். அந்த ஒரு வருடம் நான் ஏற்றிப் போனவர்களில் சிலர் நிமிர்ந்து இருந்தபடி திரும்பினார்கள், சிலர் படுத்துத் திரும்பினார்கள். மலேரியாக்காரர், பாம்பு கடித்தவர், காலில் துணி சுற்றியவர். எல்லாரோடும் அந்த வாசலைத் தாண்டுவேன். ஒவ்வொரு முறையும் ஹில்மனின் சத்தம் கேட்கும், ஒரே வேகத்தில், கியர் மாறாமல். ஒருநாள் ஆஸ்பத்திரியில் ஆளை இறக்கிவிட்டு வெறும் காரோடு வந்தேன். எஞ்சினை நிற்பாட்டாமல் காரை வாசலில் விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். உமித் தூசியில் அவனுடைய கண் இமையெல்லாம் நரைத்துப்போயிருந்தது. ஹில்மன் சீற்றில் நிமிர்ந்து, முன்னால் றோட்டு இருப்பதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். "எப்பிடி இராமையா, ஓட்டம்?" என்று கத்தினேன். என் பக்கம் திரும்பாமலே கத்திச் சொன்னான்: "விடிஞ்சதுல இருந்து பொழுது சாயிற வரைக்கும் ஓட்டுறேண்ணே. இன்னும் மில்லு வாசலைத் தாண்டல."

வெளிநாடுகளில் கார் விழாவில் வென்றவனுக்கு வெள்ளிக் கிண்ணம் கொடுப்பார்களாம். எங்கள் விழாவில் வென்ற சோம்பேறி நான் ஊரின் நோயையெல்லாம் சுமந்து திரிந்தேன், தோற்ற கெட்டிக்காரன் ஊருக்கெல்லாம் அரிசி குத்திக்கொண்டிருந்தான்.